நிலவில் நைட்ரஜன் என்ன விலை?

அன்புள்ள ஐயாவுக்கு,

நீங்கள் எழுதிவரும் தொடர்கதையை விடாமல் படிக்கிறேன். நிலவில் ஒரு குடியிருப்பு, அதில் நூறு பேர், அவர்களுக்குள் நைட்ரஜனுக்காகச் சண்டை என்று கதை போகிறது. எனக்கு இது ஒப்பவில்லை. 16 சைக்கி என்ற ஒரே ஒரு சிறுகோளின் மதிப்பு ஒன்றுக்குப் பின்னால் 19 பூஜ்ஜியம் போட்ட டாலர் என்கிறார்கள். உலகத்தில் உள்ள எல்லோருக்கும் பங்கு போட்டால் தலைக்கு 125 கோடி டாலர் வருகிறது. விண்வெளிக்குப் போகத் தெரிந்த மனிதனுக்குப் பற்றாக்குறை எங்கிருந்து வரும்? அப்படியே வந்தாலும், விலை ஏறினால் யாராவது கொண்டுவந்து விற்பார்கள்தானே? என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். பூமிக்கடியில் அவர் பட்ட பாட்டுக்கு, விண்வெளிக்குப் போனால் முடிவு கிடைக்கும் என்று நம்புகிறவன் நான். அந்தச் சண்டையை எடுத்துவிடுங்கள்.

எம்., குடியாத்தம்

அன்புள்ள எம்.,

உங்கள் வகுத்தல் சரிதான். அந்தப் பெரிய தொகையில்தான் கோளாறு. உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் உற்பத்தி செய்வது சுமார் 100 லட்சம் கோடி டாலர். நீங்கள் சொல்லும் தொகை அதைப்போல லட்சம் மடங்கு. அதைக் கொடுத்து வாங்க உலகத்தில் ஆளே கிடையாது. இன்றைய சந்தை விலையை எடுத்து, அங்கே இருக்கக்கூடிய இரும்பு, நிக்கல் எடையோடு பெருக்கியதால் வந்த எண் அது. அவ்வளவு சரக்கும் இறங்கினால் இன்றைய விலை ஒருநாள் கூட நிற்காது. 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சிக்கு அலுமினியத்தில் முனை செய்து வைத்தார்கள். அப்போது அது வெள்ளிக்கு நிகரான விலை. இரண்டே ஆண்டில் மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் முறை வந்தது. பிறகு அது நம் வீட்டு இட்லிப் பானை வரைக்கும் வந்துவிட்டது. சைக்கியும் முழுக்க உலோகம் இல்லை. அதன் அடர்த்தி கெட்டி இரும்பின் அடர்த்தியில் ஏறத்தாழ பாதிதான். உலோகத்தோடு பாறையும் நிறையக் கலந்திருக்க வேண்டும்.

சிறுகோள்களுக்குப் பஞ்சமே இல்லை. நம் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்திலிருந்தே 1988-ல் ஒன்றைக் கண்டுபிடித்து, கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். ஆனால் கண்ணில் பட்டதைக் கைக்குக் கொண்டுவருவது வேறு வேலை. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் 2016-ல் கிளம்பி, பென்னு என்ற சிறுகோளைத் தொட்டு, 2023-ல் மண்ணை அனுப்பிவைத்தது. ஏழு வருடம், 100 கோடி டாலருக்கு மேல் செலவு, கிடைத்தது 121.6 கிராம். அது ஆராய்ச்சிக்காகப் போன பயணம், வியாபாரம் இல்லை. இருந்தாலும் தூரம் எவ்வளவு விழுங்குகிறது என்பதற்கு அந்தக் கிராம் கணக்கே போதும்.

உங்கள் தாத்தாவின் தங்கவயலையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. 2001-ல் மூடியபோது பூமிக்கடியில் தங்கமே இல்லாமல் போய்விடவில்லை. ஒரு கிராம் எடுக்க ஆகும் செலவு அந்த ஒரு கிராமின் விலையைத் தாண்டிவிட்டது, மூடினார்கள். சரக்கு இருப்பதால் மட்டும் அது சந்தைக்கு வந்துவிடாது என்று உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்கு இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் போனது. ஜோலார்பேட்டை அப்போது நம் வேலூர் மாவட்டம். ஒரு நடைக்கு 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர், ஆக 25 லட்சம் லிட்டர். அது காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர். மேட்டுச்சக்கரகுப்பத்திலிருந்து ரயில் பாதை வரைக்கும் புதிதாகக் குழாய் போட்டார்கள், பக்கத்திலேயே நிரப்பும் குழாய்களை வரிசையாக நிறுத்தினார்கள், டேங்கர் வேகன்களை ராஜஸ்தானிலிருந்து வரவழைத்தார்கள். இந்த ஏற்பாட்டுக்கு அரசு ஒதுக்கியது 65 கோடி ரூபாய். ஜோலார்பேட்டையில் இருந்த தண்ணீரும் வில்லிவாக்கத்தில் இறங்கிய தண்ணீரும் ஒரே தண்ணீர்தான். செலவெல்லாம் நடுவில் இருந்த இருநூறு சொச்சம் கிலோமீட்டருக்கு. தட்டுப்பாடாக இருந்ததும் குழாய், வேகன், தண்டவாளத்தில் நேரம் இவைதான். எங்கள் தண்ணீரை ஏன் கொண்டுபோகிறீர்கள் என்று இங்கே எழுந்த எதிர்ப்பும் நியாயமானதுதான். நாமும் பாலாற்றைக் காயவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள்.

விண்வெளியில் இந்தப் பாதைச் செலவுதான் எல்லாமே. சந்திரயான்-3-ஐத் தூக்கிய எல்விஎம்-3 ராக்கெட் தரையில் நிற்கும்போது 640 டன். அதில் சந்திரயானின் எடை நான்கு டன்னுக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதி எரிபொருள், அந்த எரிபொருளைத் தூக்கவும் எரிபொருள் வேண்டும். அமெரிக்க விண்வெளி ஓடம் பறந்த காலத்தில், பூமியைச் சுற்றும் தாழ்ந்த பாதைக்கு ஒரு கிலோ கொண்டுபோக 50,000 டாலருக்கு மேல் ஆனது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-9 ராக்கெட் வந்தபிறகு அது சுமார் 3,000 டாலருக்கு இறங்கியது. இன்னும் இறங்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பூஜ்ஜியம் ஆகாது.

இப்போது கதையில் வரும் நைட்ரஜனுக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், என் மனசு முழுக்க இங்கேதான் இருக்கிறது. நிலவு மண்ணின் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன். பாறையோடு பிணைந்திருக்கிறது, மின்சாரமும் சூளையும் இருந்தால் பிரித்துவிடலாம். நைட்ரஜன் அங்கே இல்லை என்றே சொல்லிவிடலாம். பூமியில் நாம் இழுக்கும் மூச்சில் 78 சதவீதம் அதுதான், காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. வெறும் ஆக்சிஜனிலேயே வாழக்கூடாதா என்று கேட்பீர்கள். 1967 ஜனவரியில் அப்பல்லோ-1 கலத்தைத் தரையில் வைத்துச் சோதித்தபோது உள்ளே தூய ஆக்சிஜன் நிரம்பியிருந்தது. ஒரு பொறி பற்றியது, மூன்று வீரர்களும் உயிரோடு வெளியே வரவில்லை. அழுத்தத்தைக் குறைத்தால் ஆபத்து குறையும், ஆனால் குடும்பம் குடும்பமாக, சமையல் அடுப்போடு, வருடக்கணக்கில் வாழும் இடத்தில் அதை நம்பி நான் யாரையும் குடிவைக்க மாட்டேன். பயிர் வளர்க்கவும் நைட்ரஜன் வேண்டும்.

தலைக்கு 100 கன மீட்டர் என்று நூறு பேருக்குக் கணக்குப் போட்டேன். நம் ஊர்க் காற்றின் அளவுக்கு நிரப்ப ஒன்பது டன் நைட்ரஜன் ஆகிறது. தாழ்ந்த பாதை வரைக்கும் கொண்டுபோகவே 2 கோடி 70 லட்சம் டாலர். அங்கிருந்து நிலவில் இறக்குவதற்குள் அது பல மடங்காகிவிடும். ஒருமுறை நிரப்பினால் தீர்ந்தது என்றும் இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் வெளியேறும். மூட்டுகளில் கசியும். ஆக்சிஜன் மலிவாகவும் நைட்ரஜன் தங்கமாகவும் இருக்கும் ஊர் அது.

விலை ஏறினால் யாராவது கொண்டுவருவார்கள் என்கிறீர்கள். கொண்டுவருவார்கள், ஆனால் எப்போது? வேலூரில் வெங்காயம் விலை ஏறினால் நாலு நாளில் வெளிமாநில லாரி வந்து நிற்கும். பூமியிலிருந்து நிலவுக்கே, தயாராக ஒரு ராக்கெட் இருந்தால்தான் வாரக்கணக்கு. இல்லையென்றால் வருடம். செவ்வாய்க்குப் போவதற்குச் சாதகமான வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். 2023 அக்டோபரில் கிளம்பிய நாசாவின் சைக்கி கலம், நீங்கள் சொன்ன அதே பெயர்கொண்ட சிறுகோளை அடைவது 2029-ல். அதுவரை கிடங்கில் இருப்பதுதான் இருப்பு. அப்போது விலை எவ்வளவு ஏறினாலும் ஒரு கிலோ கூட அதிகம் வராது, யாருக்குக் கிடைக்கும் என்பது மட்டும் மாறும். சேலை விலை ஏறினால் அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம். மூச்சை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட முடியுமா? அந்த இடத்தில் கிடங்குச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த ஊருக்கு ராஜா.

1967-ன் விண்வெளி ஒப்பந்தம் எந்த நாடும் நிலவைச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது. விபத்தில் சிக்கிய விண்வெளி வீரருக்கு எல்லா உதவியும் செய்யச் சொல்கிறது. 2015-ல் அமெரிக்கா போட்ட சட்டம், விண்வெளியில் வெட்டி எடுத்த பொருள் எடுத்த நிறுவனத்துக்கே சொந்தம் என்கிறது. கூலிக்குப் போய்க் குடியிருப்பவர் இழுக்கும் மூச்சுக்கு யார் பொறுப்பு என்று இந்த இரண்டிலும் ஒரு வரி கிடையாது. உங்கள் தாத்தாவைப் போன்றவர்கள்தான் அங்கேயும் முதலில் போகப்போகிறார்கள்.

அதனால் சண்டையை எடுக்கமாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தால் அடுத்த பகுதியில் ஒன்று சேர்க்கிறேன். கிடங்கு இருப்புக் கணக்கைத் தினமும் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் எழுதிப்போட வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்கிறார்கள், நிர்வாகம் மறுக்கிறது. அதைப் படித்துவிட்டு எழுதுங்கள். தங்கவயலில் தாத்தா காலத்தில் கூலியும் ரேஷனும் எப்படிக் கொடுத்தார்கள் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் அதையும் கேட்டு எழுதுங்கள், எனக்குத் தேவைப்படுகிறது.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து