பன்னிரண்டு ஜெர்சி போட்டவர்

கே: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் 12 அணிகளுக்கு மாறி மாறி ஆடிய சென்டர் (கூடைக்கடியில் நிற்கும் உயரமான ஆட்டக்காரர்) ஒருவர் இருந்தாராமே? எங்கேயும் நிலைக்காத ஆளை எதற்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள்? - வாசகர், கரூர்

ப: டோனி மாசன்பர்க்கைச் சொல்கிறீர்கள். உயரம் 6 அடி 9 அங்குலம். நம் ஊரில் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஆள்தான், ஆனால் அந்த லீக்கில் சென்டருக்கு அது கொஞ்சம் குட்டை. அதனால் பாதி நேரம் சென்டர், பாதி நேரம் அவருக்குப் பக்கத்தில் ஆடும் பவர் ஃபார்வர்டு என்று எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே அவரை இறக்கினார்கள். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். டிராஃப்டில் (புது வீரர்களை டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) தேர்வான ரெண்டே நாளில் இறந்துபோன லென் பயஸ் அங்கே இவருக்கு சீனியர்.

1990 டிராஃப்டில் மொத்தம் 54 பேர், இவர் 43-வது. எடுத்தது சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். அங்கே சென்டர் யார் என்றால் டேவிட் ராபின்சன்! அவர் களத்தில் நிற்கிற டீமில் புதுப்பையனுக்கு எத்தனை நிமிஷம் கிடைத்துவிடும்? அடுத்த சீசன் இன்னும் கூத்து. ஸ்பர்ஸ், சார்லட், பாஸ்டன், கோல்டன் ஸ்டேட் என்று ஒரே சீசனில் நாலு ஊர், நாலு ஜெர்சி, எல்லாம் சேர்த்து ஆடியது 18 ஆட்டம். சரி, இது வேலைக்கு ஆகாது என்று ஸ்பெயினுக்குப் போய் மாலாகாவிலும் பார்சிலோனாவிலும் ஆடிவிட்டு 1994-ல் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் டீமுக்குத் திரும்பி வந்தார்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதற்கு அப்புறம்தான் இருக்கிறது. அவர் போன டீம்கள் அந்தந்த வருஷம் எத்தனை ஆட்டம் ஜெயித்தன என்று பாருங்கள். கிளிப்பர்ஸ் 82-ல் 17. மறு வருஷம் புதிதாகத் தொடங்கிய டொரான்டோ இவரை எடுத்தது, அது 21. அதே சீசன் நடுவிலேயே பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள், அது 18. பிறகு நியூ ஜெர்சி 26, வான்கூவர் 19. 1999-ல் ஸ்டிரைக் மாதிரி ஒரு கதவடைப்பு நடந்து சீசனே 50 ஆட்டமாகச் சுருங்கியபோது வான்கூவர் ஜெயித்தது வெறும் 8. அந்த எட்டு வெற்றி சீசனில்தான் மாசன்பர்க் வாழ்க்கையிலேயே நன்றாக ஆடினார், ஆட்டத்துக்குச் சராசரி 11 புள்ளி. தோற்கிற டீமில்தான் இப்படிப்பட்டவருக்கு நிமிஷம் கிடைக்கும், ஏனென்றால் அங்கே இடம் காலியாக இருக்கும். நல்ல டீமில் அந்த இடத்தில் ஒரு ராபின்சன் நிற்பார். இதைப் பார்க்காமல் "எங்கேயும் தேறாதவர்" என்று முத்திரை குத்துகிறவர்கள் புள்ளிப் பட்டியலைத் தலைகீழாகப் படிக்கிறார்கள் என்பேன்.

வயசு ஏற ஏறக் கதை மாறியது. ஹூஸ்டன், மறுபடி வான்கூவர், அந்த டீம் ஊரையே காலி பண்ணிக்கொண்டு மெம்பிஸ் போனபோது கூடவே மெம்பிஸ், பிறகு நட்சத்திர ஜோடி ஸ்டாக்டனும் மலோனும் சேர்ந்து ஆடிய கடைசி சீசனில் யூட்டா, அடுத்து சாக்ரமென்டோ. டீம் நல்லதாக நல்லதாக இவருக்குக் கிடைத்த நிமிஷம் குறைந்தது. கடைசியில் 2004-ல் எங்கே ஆரம்பித்தாரோ அதே ஸ்பர்ஸ். டங்கன், ஜினோபிலி, பார்க்கர் என்று நட்சத்திரங்கள் இருந்த டீம். 2005 இறுதிச் சுற்றில் டெட்ராய்ட்டோடு ஏழாவது ஆட்டம் வரை போய் ஜெயித்தார்கள். 38-ஐத் தொடவிருந்த மாசன்பர்க்குக்கு அதுதான் முதல் சாம்பியன் மோதிரம், அதுவும் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து. எனக்கு அதில் குறையாக எதுவும் தெரியவில்லை. எட்டு வெற்றி டீமில் போட்ட 11 புள்ளிக்குக் கூலி கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

கே: 12 அணி என்ற சாதனை இப்போதும் அவருடையதா? - வாசகி, மன்னார்குடி

ப: இல்லை. முன்பும் அவருக்கு மட்டும் சொந்தம் என்று சொல்ல முடியாது. சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் ஆகியோரும் பன்னிரண்டுதான். வான்கூவரும் மெம்பிஸும் ஒரே டீம் என்பதால் ஒன்றாகத்தான் கணக்கு. 2022-ல் டென்வர் போய்ச் சேர்ந்த ஈஷ் ஸ்மித் அதைப் பதின்மூன்றாக்கினார். ஆறடி உயரக் கார்டு, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிறவர், சென்டர் இல்லை. அவருக்கும் அந்தப் பதின்மூன்றாவது டீமில்தான் 2023-ல் மோதிரம் கிடைத்தது.

கே: ஆளைக் கேட்காமலேயே ஊர் மாற்றிவிடுவார்களாமே? ஐ.பி.எல். ஏலம் மாதிரியா? - வாசகர், பாளையங்கோட்டை

ப: ஐ.பி.எல். ஏலத்துக்காவது வீரரே பெயர் கொடுக்கிறார். இங்கே காலையில் பயிற்சிக்குப் போனவருக்குச் சாயங்காலம் வேறு ஊர். "என்னை மாற்றக்கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம், ஆனால் அதற்கு லீக்கில் எட்டு வருஷமும் அதே டீமில் நாலு வருஷமும் ஆடியிருக்க வேண்டும். ஊர் ஊராய்ச் சுற்றுகிறவருக்கு அந்த நாலு வருஷம் எங்கிருந்து வரும்? யாருக்குப் பாதுகாப்பு தேவையோ அவருக்குக் கிடைக்காதபடி எழுதிய விதி என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மாற்றுவதற்குக் காரணமும் பெரும்பாலும் ஆட்டம் கிடையாது, கணக்குதான். சம்பள உச்சவரம்பைத் தாண்டிய டீம், வெளியே அனுப்புகிற சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடாகத்தான் உள்ளே எடுக்க முடியும். ஒரு நட்சத்திரத்தை வாங்கும்போது ரெண்டு பக்கமும் தொகை பொருந்தாவிட்டால், நடுத்தரச் சம்பளக்காரர் ஒருவரைச் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். 1999-ல் வான்கூவர் டிராஃப்டில் எடுத்த ஸ்டீவ் ஃபிரான்சிஸ் அங்கே ஆட மாட்டேன் என்று அடம்பிடித்ததால் மூன்று டீம், 11 வீரர் என்று ஒரு மெகா கைமாற்றம் நடந்தது. ஃபிரான்சிஸோடு ஹூஸ்டனுக்குப் போனவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் மாசன்பர்க்தான்! அதுவும் அவருடைய சிறந்த சீசன் முடிந்த கையோடு.

இதைவிடக் கீழ்ப்படி பத்து நாள் ஒப்பந்தம். ஜனவரி 5 முதல் கொடுக்கலாம். ஒரே டீம் ஒருவருக்கு ரெண்டு தடவை கொடுக்கலாம், அப்புறம் சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் போகச் சொல்ல வேண்டும்.

கே: ஆட்டத்துக்கு மூன்று நாலு புள்ளி எடுக்கிற சென்டருக்கு எதற்குக் கோடிக்கணக்கில் சம்பளம்? - வாசகர், ஓசூர்

ப: ஜேசன் காலின்ஸ் 13 சீசன் ஆடினார், சராசரி 3.6 புள்ளி. 2011-ல் அட்லான்டா - ஆர்லாண்டோ பிளேஆஃப், அதாவது சீசன் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் சுற்று. ஆர்லாண்டோவின் டுவைட் ஹாவர்டை யாராலும் தனியாக அடக்க முடியாது, ரெண்டு பேர் போய் மறித்தால் பந்து வெளியே போகும், அங்கே தூரத்திலிருந்து போட்டு மூன்று புள்ளி எடுக்கிறவர்கள் காத்திருப்பார்கள். அட்லான்டா என்ன செய்தது? காலின்ஸை மட்டும் ஹாவர்டின் முதுகோடு ஒட்டி நிற்க வைத்துவிட்டு, மற்ற நாலு பேரும் தங்கள் ஆளைவிட்டு நகரவே இல்லை. முதல் ஆட்டத்தில் ஹாவர்ட் 46 புள்ளி அடித்தார். ஆட்டம் அட்லான்டாவுக்கு, 103-93! தொடரும் அவர்களுக்குத்தான், ஆறு ஆட்டத்தில்.

கூடைக்கடியில் காலின்ஸ் செய்ததைக் கவனித்தால் புரியும். பந்து வளையத்தில் பட்டதும் மேலே பார்க்க மாட்டார். இடுப்பைத் தாழ்த்தி, முதுகால் எதிராளியைத் தள்ளிக்கொண்டே ரெண்டடி வெளியே நகர்த்துவார், காலியான இடத்தில் கூட ஆடுகிறவர் ஓடிவந்து ரீபவுண்டை, அதாவது கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தை, எடுப்பார். கணக்குப் புத்தகத்தில் அந்தப் பெயர்தான் ஏறும். ஆறாவது ஃபவுலில் ஒருவர் வெளியேற வேண்டும் என்பது விதி, அதற்கு முந்தைய ஐந்தைச் சிக்கனமாக, வேண்டிய இடத்தில் செலவழிப்பதும் இவர்கள் வேலை.

2013 ஏப்ரலில் தான் தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த சீசன் தொடங்கியபோது எந்த டீமும் எடுக்கவில்லை. 2014 பிப்ரவரியில் புரூக்ளின் கொடுத்ததும் பத்து நாள் ஒப்பந்தம்தான். அப்படி அறிவித்துவிட்டு என்.பி.ஏ.வில் களமிறங்கிய முதல் வீரர் என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்த ராத்திரி அவர் கணக்கு: புள்ளி பூஜ்யம், ரீபவுண்டு ரெண்டு, ஃபவுல் ஐந்து. எப்போதும் போல வேலையைப் பார்த்துவிட்டு வந்தார். ரெண்டாவது பத்து நாளும் கிடைத்தது, பிறகு சீசன் முழுக்க வைத்துக்கொண்டார்கள்.

கே: என்.பி.ஏ.வில் நம்மவர்கள் யாராவது ஆடியிருக்கிறார்களா? - வாசகி, காரைக்குடி

ப: சிம் புல்லார், 7 அடி 5 அங்குலச் சென்டர், டொரான்டோவில் பிறந்த பஞ்சாபி. 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோவில் பத்து நாள், மூன்று ஆட்டம், ரெண்டு புள்ளி, பிறகு தைவான். அதே வருஷம் டிராஃப்டில் 52-வதாக டல்லஸ் எடுத்த சத்னம் சிங் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை, பின்னாளில் மல்யுத்த மேடை ஏறினார்.

கே: இப்படி அலைந்தவர்களுக்குப் பென்ஷன் உண்டா? - ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

ப: உண்டு சார். மூன்று சீசன் கணக்கில் ஏறினால் தகுதி. வருஷம் கூடக்கூடத் தொகையும் ஏறும், பத்துக்கு மேல் ஏறாது. எத்தனை டீமில் ஆடினீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.