ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆன என் அப்பாவுக்கு இப்ப மறதியும் கோவமும் அதிகமாகுது. சர்வீஸ்ல தலையில பட்ட அடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா? யாராவது ஆராய்ச்சி பண்ணிருக்காங்களா?

இருக்கலாம். ஆராய்ச்சியும் நிறைய நடந்திருக்கு. "வயசாயிடுச்சுல்ல, அதுவும் மிலிட்டரிக்காரர், கோவம் வரத்தான் செய்யும்"னு உங்ககிட்ட நாலு பேர் சொல்லிருப்பாங்க, அது மனசுக்கு ஒப்பாமதான் கேக்குறீங்கனு தோணுது. எங்க வீட்லயும் அதையேதான் சொன்னாங்க, சொந்தக்காரங்க மட்டும் இல்ல, ஒரு டாக்டரே சொன்னாரு.

நான் டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடுறேன். எங்க அப்பா பீரங்கிப் பிரிவுல இருந்தவர், அவருக்காகத் தேடித் தேடிப் படிச்சதுதான் இதெல்லாம். நெட்ல படிச்சிட்டு டாக்டருக்கே பாடம் எடுக்குறியானு யாராவது கேட்டா, டாக்டர்கிட்ட சரியான கேள்வி கேக்கத்தான் படிச்சேன், அதுல எந்தத் தப்பும் இல்ல.

ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, 1944, 45ல தலையில அடிபட்டு ஆஸ்பத்திரில சேந்த அமெரிக்கக் கடற்படைக்காரங்க, மரைன் வீரர்கள், இவங்களை எல்லாம் அம்பது வருஷம் கழிச்சுத் தேடிப் பிடிச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2000ல வெளியாச்சு. அடிபடாதவங்கள விட, பலத்த அடி பட்டவங்களுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வர வாய்ப்பு நாலு மடங்குக்கு மேல, நடுத்தர அடினா ரெண்டு மடங்குக்கு மேல. லேசான அடி விஷயம் அப்ப தெளிவாகல. அது 2018லதான் வந்துச்சு, அமெரிக்காவுல முன்னாள் வீரர்கள் மூணரை லட்சம் பேருக்கு மேல ரெக்கார்ட் எடுத்துப் பாத்தப்ப, மயக்கமே வராத லேசான அடிக்குக்கூட ரெண்டு மடங்குக்கு மேல வாய்ப்பு கூடுதுனு தெரிஞ்சுது. உடனே பயந்துடாதீங்க. அதே ஆய்வுல தலையில அடிபட்டவங்கள்ல டிமென்ஷியா வந்தது நூத்துக்கு ஆறு பேருக்கு, அடிபடாதவங்கள்ல ரெண்டரை பேருக்கு. அதாவது ஆய்வு நடந்த காலத்துல அடிபட்டவங்கள்லயும் பெரும்பாலானவங்களுக்கு வரல. அதுக்கு முன்னாடி 2010ல வந்த இன்னொரு ஆய்வு, போர் அனுபவத்தால மனசு உடைஞ்சு பிடிஎஸ்டி இருந்தவங்களைப் பத்தினது, அதுலயும் வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதனால உங்க அப்பாவோட தலையை மட்டும் பாக்காம தூக்கத்தையும் மனசையும் சேத்து விசாரிங்க.

வெடி அதிர்ச்சினு ஒண்ணு தனியா இருக்கு. டேனியல் பெர்ல்னு ஒரு நரம்பு நோயியல் நிபுணர், வெடிகுண்டு அதிர்ச்சிக்கு ஆளாகி பின்னாடி இறந்துபோன வீரர்களோட மூளையை மைக்ரோஸ்கோப்ல பாத்து, சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேர்ற எடத்துல ஒரு தழும்பு இருக்குனு 2016ல எழுதினாரு. சாதாரண ஸ்கேன்ல அது தெரியாது. ஸ்கேன் நார்மல்னு சொன்னாங்கங்கறதுக்காக ஒண்ணுமே நடக்கலனு ஆகாது, இத நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்.

இனி எங்க கத. அப்பா போன வண்டி ஒரு தடவ பள்ளத்துல கவிழ்ந்து தல போய் இரும்புக் கம்பில இடிச்சிருக்கு. கொஞ்ச நேரம் எங்க இருக்கோம்னே தெரியலயாம், வாந்தி எடுத்திருக்காரு, மறுநாள் காலைல டியூட்டிக்குப் போயிட்டாரு. பென்ஷன் விஷயமா போனப்ப அவரோட மருத்துவ ரெக்கார்ட எடுத்துப் பாத்தா அந்தத் தேதிக்கு நேரா "தலைவலி, மாத்திரை கொடுக்கப்பட்டது, பணிக்குத் தகுதி"னு ஒரே ஒரு வரி. வண்டி கவிழ்ந்தது, வாந்தி, எதுவும் இல்ல. தலைல அடிபட்டதுக்கு ஆதாரம் எங்கனு அந்த ஆபீஸ்ல இருந்தவர் கேக்குறாரு. அந்தக் காலத்துல ரத்தம் வந்தாத்தானே அடி! உடம்பு சரியில்லனு சிக் ரிப்போர்ட் போனாலே சோம்பேறினு பேர் கட்டுவாங்கனு பயந்து எத்தன பேர் போகாமயே இருந்திருப்பாங்க. அதனால உங்க அப்பா தெளிவா பேசுற நேரத்துல உக்கார வெச்சு எல்லாத்தையும் கேட்டு எழுதுங்க, எந்த வருஷம், எங்க, கூட யார் இருந்தாங்க, மயக்கம் வந்துச்சா, காதுல சத்தம் கேட்டுச்சா. கூட இருந்தவர் உயிரோட இருந்தா அவர்கிட்ட ஒரு கடிதமும் வாங்கிடுங்க.

அடுத்தது காது. இதத்தான் யாரும் யோசிக்கிறதே இல்ல. ஞாபக டெஸ்ட் எடுக்குறவர் மாஸ்க் போட்டுட்டு கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே அஞ்சு வார்த்த சொல்லி "திருப்பிச் சொல்லுங்க"னாரு. எங்க அப்பா வருஷக்கணக்கா பீரங்கி பக்கத்துல நின்னவர், எடது காது சுத்தமா போச்சு, வலது காதும் அரைகுறை. "முகம்"னு சொன்னது அவருக்கு "நகம்"னு கேட்டிருக்கு, அவரும் நகம்னுதான் திருப்பிச் சொன்னாரு, அங்க தப்புனு மார்க் போட்டாச்சு. நான் சண்ட போட்டு, காது மிஷின் வாங்கிப் பழகுனப்புறம் திரும்ப எடுக்க வெச்சேன், மார்க் நல்லாவே ஏறுச்சு. முழுசா ஏறல, மறதி இருக்கத்தான் செய்யுது, ஆனா டாக்டர் முடிவு பண்ணி வெச்சிருந்த நிலமைக்கு ஒரு படி மேலதான் இருக்காரு. 2023ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்த ஒரு ஆய்வுலகூட, ஏற்கனவே ரிஸ்க் அதிகமா இருந்த வயசானவங்க குரூப்புல, காது மிஷின் குடுத்தப்புறம் மூணு வருஷத்துல மூளைத்திறன் குறையுற வேகம் பாதியளவுக்குக் கொறஞ்சுதுனு போட்ருக்காங்க. எல்லாரையும் சேத்துப் பாத்தா வித்தியாசம் இல்லனும் அதே ஆய்வு சொல்லுது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனா பீரங்கிக்காரருக்கு ஒரு காது டெஸ்ட் எடுக்குறதுல என்ன நஷ்டம்?

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாட்டியும் இத சொல்லாம இருக்க முடியல. இந்த ஆராய்ச்சியெல்லாம் வீரர்களைப் பத்திதான் பேசுது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஷூ போட்டுட்டு கெளம்புற மனுஷனக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து படுக்க வைக்கிறது எங்க அம்மா. அவங்களுக்கும் வயசாகுது, தூக்கம் இல்ல, பிரஷர் இருக்கு. என் தம்பி தூரத்துல உக்காந்துக்கிட்டு "அப்பா போன்ல நல்லாத்தானே பேசுறாரு, நீங்கதான் பெருசு பண்றீங்க"ங்கறான். பத்து நிமிஷம் போன்ல யாரு வேணா நல்லாப் பேசலாம். ஒரு வாரம் ராத்திரி வந்து பக்கத்துல படுத்துட்டுப் பேசட்டும்.

உங்க அப்பா எந்தப் பிரிவுனு எழுதல. பீரங்கி, டாங்கி, கண்ணிவெடி எடுக்குறது, பாராசூட், இதுல எதுலயாவது இருந்திருந்தா அத டாக்டர்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க. டாக்டர்கிட்ட கேக்க நான் தயார் பண்ண கேள்வி லிஸ்ட் இருக்கு, வேணும்னா சொல்லுங்க, அனுப்புறேன்.