கைக்கு வராத ஃப்ளாஸ்

கேள்வி: பல் டாக்டர் சொன்னாரே என்று பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலான ஃப்ளாஸ் வாங்கினேன். விரலில் சுற்றி வாய்க்குள் விடுவதற்குள் எரிச்சல் வந்துவிடுகிறது. இதைச் சுலபமாக வடிவமைக்கக் கூடாதா?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். 1819-லேயே அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பல் மருத்துவர் லெவி ஸ்பியர் பார்ம்லி, மெழுகு பூசிய பட்டு நூலைப் பல்லிடுக்கில் விடச் சொன்னார். 1940-களில் அதே ஊரைச் சேர்ந்த மருத்துவர் சார்லஸ் பாஸ் நைலானைக் கொண்டுவந்தார், பட்டு நூலை விட அது பிய்யாமல் தாங்கும் என்பதால். அப்புறம் டெஃப்லான் நாடாவும் வந்தது, நெருக்கமான பற்களுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். இவ்வளவு மாறியும், நூலை விரலில் சுற்றும் வேலை மட்டும் இன்னும் பலர் தலையில்தான்!

நீங்கள் நீளமான பிடி வைத்த ஃப்ளாஸ் வாங்குங்கள். கவண் மாதிரி இரண்டு கொம்பு, நடுவில் நூல், ஒரு கையாலேயே கடைவாய்ப் பல் வரை எட்டலாம். நூல் குட்டை என்பதால் பல்லைச் சுற்றி வளையாது, அதனால் இடுக்கில் விட்டதும் முதலில் ஒரு பல்லோடும் பிறகு பக்கத்துப் பல்லோடும் சாய்த்து அழுத்தி மேலும் கீழும் தேய்க்க வேண்டும். பெரும்பாலானவை தூக்கிப்போடும் பிளாஸ்டிக். நூலை மட்டும் மாற்றும் பிடி கிடைத்தால் அதையே எடுங்கள்.

என்னைக் கேட்டால், ஃப்ளாஸ் நூல் டப்பா பிரஷ் ஸ்டாண்டிலேயே மாட்டுகிற மாதிரியும், இழுத்தால் தேவையான 45 செ.மீ. வந்ததும் தானே நிற்கிற மாதிரியும் இருக்க வேண்டும். கண்ணில் படாத பொருளை யார் தினமும் எடுப்பார்கள்? அதுவரை பிரஷ் பக்கத்திலேயே வையுங்கள். முதல் சில நாள் ஈறில் லேசாக ரத்தம் வரலாம், நிறுத்தாதீர்கள். இரண்டு வாரமாகியும் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.