வறுமை குறைந்த சிலியில் ஜனநாயகத்தின் மீது நம்பிக்கை ஏன் சரிந்தது?

வறுமை குறைந்தது உண்மைதான். முதுமைப் பயம் குறையவில்லை. 2019 அக்டோபரில் தலைநகர் சாண்டியாகோவின் மெட்ரோ ரயிலில் நெரிசல் நேரக் கட்டணம் 800 பெசோவிலிருந்து 830 ஆனது. மாணவர்கள் டிக்கெட் எடுக்காமல் தடுப்பைத் தாண்டிக் குதித்தார்கள். சில நாட்களில் நாடே தெருவுக்கு வந்தது. "30 பெசோ அல்ல, 30 ஆண்டுகள்" என்பது முழக்கம். 1990-ல் ஜனநாயகம் திரும்பியதிலிருந்து கணக்குப் போட்டார்கள்.

ஓய்வூதியத்தைப் பார்த்தால் கோபம் புரியும். ராணுவ சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சி 1981-ல் நடைமுறைப்படுத்திய திட்டப்படி, சம்பளத்தில் 10 சதவீதம் தனியார் நிதி நிறுவனத்துக்குப் போகும்; அந்தச் சேமிப்பில் முதலாளியின் பங்கு இருக்கவில்லை. நிரந்தர வேலை இல்லாதவருக்கும், பிள்ளை வளர்க்க வேலையை விட்ட பெண்ணுக்கும் கணக்கில் போதிய பணம் சேராது. ராணுவத்துக்கும் போலீஸுக்கும் மட்டும் பழைய அரசு ஓய்வூதியம் தொடர்ந்தது! இந்த அநியாயம்தான் மனதை அறுத்தது. யார் ஆட்சிக்கு வந்தாலும் அடித்தளம் மாறாததால், ஓட்டுப் போட்டு என்ன பயன் என்று கேட்டார்கள். 2017 அதிபர் தேர்தலில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை.

அந்த அடித்தளத்தை மாற்றப் புதிய அரசியலமைப்பு வேண்டும் என்று 2020-ல் 78 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2022-ல் வந்த வரைவை 62 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 2023 வரைவும் தோற்றது. சேமிப்பில் முதலாளியும் பங்கு செலுத்தும் சட்டம் 2025-ல்தான் நிறைவேறியது.