கட்டிங் வேஸ்ட் துணியில் விற்கிற அளவுக்கு நல்ல உடை தைக்க முடியுமா?

முடியும். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் கழிக்கிற துணியில் குர்த்தி, ஜாக்கெட், குழந்தைகள் உடை தைத்து விற்பதுதான் என் தொழில். புதிதாக வருபவர்கள் டிசைனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கற்றுக்கொடுப்பது தரம் பிரிக்க.

வேஸ்ட் கடையில் எடைபோட்டு வாங்கும் மூட்டைக்குள் சிங்கிள் ஜெர்சி, ரிப், ஃபிளீஸ் என்று பலவகைப் பின்னல் துணியும் கலந்து கிடக்கும். சந்தேகமான துண்டில் ஓர் இழை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும். சாம்பல் ஊதினால் பறந்துவிடும். பாலியஸ்டர் சுருண்டு உருகும்; ஆறியபின் விரலில் கெட்டியாக ஒரு மணி தட்டுப்படும். பருத்திப் பின்னல் துணி துவைத்தால் சுருங்கும், பாலியஸ்டர் அந்த அளவுக்குச் சுருங்காது. இரண்டையும் அலசாமல் சேர்த்துத் தைத்தால் முதல் துவையலிலேயே தையல் சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொள்ளும். அதனால் எல்லாவற்றையும் அலசிக் காயவைத்த பிறகே கத்தரி எடுக்க வேண்டும். அடர் சிவப்பையும் கருநீலத்தையும் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெளிர் நிறத்தோடு சேர்க்காதீர்கள்.

நிறத்தில் இன்னொன்று. ஒரே கருநீலம் என்று நினைத்துச் சேர்த்த இரண்டு துண்டும் வேறு வேறு லாட்டாக, அதாவது வேறு வேறு தடவை சாயமேற்றியதாக, இருந்தால், வெயிலில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். கிட்டத்தட்டப் பொருந்துகிற நிறத்தைவிட, துணிந்து வைத்த மஞ்சள்தான் அழகு.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் பகுதியைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைத்துக் கொடுத்தார்கள். நம் ஊர் ஜாப் ஒர்க் மாதிரிதான். அதில் மீந்ததை வீட்டில் போர்வையாகத் தைத்தார்கள். கார்டுராய் தடித்த துணி, நுணுக்கமாக வெட்டி இணைக்கத் தோதுப்படாது. அதனால் அகலமான பட்டைகளாகவே வைத்தார்கள். அந்த ஊர்ப் போர்வைகள் 2002-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கின. படங்களைத் தேடிப் பாருங்கள். துணி எதற்கு இசைகிறதோ அதைச் செய்தவர்கள் அவர்கள்.

திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் எல்லாமே குப்பைக்குப் போவதில்லை. பெரும்பகுதி அரைக்கப்பட்டு ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் மறுபடி நூலாகிறது. ஆனால் அரைக்கும்போது பஞ்சின் இழை அறுந்து குட்டையாகிவிடும். நூலும் தடிமனாகத்தான் வரும். நல்ல சாயமேற்றிய, முழங்கை நீளத் துண்டை அதற்கு அனுப்ப எனக்கு மனம் வராது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு என்ன ஆனது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அவ்வளவு விலை கொடுத்து ஏற்றிய நிறம், ஒருவர் உடம்பில் சில வருஷமாவது இருக்க வேண்டும். கையகலத்துக்கும் சின்ன பிட்டை மட்டும் நான் மில்லுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

"வேஸ்ட் துணிதானே, ஏன் இந்த விலை?" என்று நிச்சயம் கேட்பார்கள். துணி மலிவு, நேரம் மலிவல்ல. ஒட்டுப்போட்ட ஒரு குர்த்தி தைக்கிற நேரத்தில் சாதாரணக் குர்த்தி பல முடிந்துவிடும். அதனால் டெய்லருக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் பேசாதீர்கள், வேலை செய்த நேரத்துக்கு ஷிப்ட் கணக்கில் கொடுங்கள். அந்தக் கூலியைப் போட்டபின் வருவதுதான் உங்கள் விலை. ஆரம்பத்தில் கலப்பு மூட்டை வாங்காமல், பக்கத்து யூனிட்டில் ரோல் தீரும்போது மிஞ்சுகிற துணியைக் கேட்டு வாங்குங்கள். ஒரே லாட்டாகக் கிடைக்கும்.