பெரிய பானுமதின்னு நெனப்பு!

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 81 வயது. பழைய நடிகை பானுமதி என்றால் அவருக்கு உயிர். 2001இல் பத்ம பூஷண் பட்டியலில் பானுமதி பெயர் வந்த அன்று, பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டினேன். “இப்பவாவது குடுத்தாங்களே” என்று சொல்லி அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. 1966இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அடுத்த விருதுக்கு 35 வருஷமா? சினிமாவுக்கு மத்திய அரசு தரும் மிக உயர்ந்த விருதான தாதாசாகேப் பால்கே விருது கடைசிவரை இல்லை. இப்படிக் காக்க வைப்பதே அவமரியாதை இல்லையா? இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. நேரில் பார்த்தே இராத ஒரு நடிகைக்கு விருது கிடைத்தால் நம் வீட்டில் ஏன் அழுகிறார்கள்?

வாசகர், மயிலாடுதுறை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தாமதக் கணக்கு. பத்மஸ்ரீ வாங்கியபோது பானுமதிக்கு நாற்பதை ஒட்டிய வயது. அதைத் தாமதம் என்று சொல்ல மாட்டேன். பால்கே விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். அந்த விருதை முதன்முதலில் வாங்கியவரே ஒரு நடிகைதான், தேவிகா ராணி. சொந்தக் குரலில் பாடி நடித்த வங்காளத்துக் கானன் தேவிக்கும் கிடைத்திருக்கிறது. தென்னிந்தியப் படங்களிலேயே காலத்தைக் கழித்த நடிகை ஒருவருக்கும் இதுவரை இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் மார்ஜியானா என்ற கதாநாயகியாக நடித்தவர் பானுமதி. அதே படத்தில் ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டுப் போனார் செங்கல்பட்டில் பிறந்த ஒரு சின்னப் பெண். பெயர் வஹீதா ரஹ்மான், பின்னாளில் இந்திப் பட நட்சத்திரம். 2021ஆம் ஆண்டுக்கான பால்கே அவருக்குப் போனது. வஹீதாவுக்குக் கொடுத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் செய்தியைப் படித்தபோது மார்ஜியானாவின் நினைப்பு வராமல் இல்லை.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு அதுதான் முக்கியம். அம்மா அழுதது தாமதத்துக்காக என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

எனக்கு ஓர் அத்தை இருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நல்ல குரல். மாடியில் வடாம் பிழியும்போது, கீழே யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ‘அழகான பொண்ணுதான்’ பாட்டைப் பாடுவார். அந்தப் பாட்டில், தன்னிடம் இருப்பதெல்லாம் தன்மானம் ஒன்றுதான் என்று ஒரு வரி வரும். அந்த இடம் வந்ததும் அச்சைப் பிழிவதை நிறுத்திவிட்டு, மாவு ஒட்டிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடிவிட்டு, மறுபடி பிழிய ஆரம்பிப்பார். நான் காக்காய் விரட்டப் போனவன், அதனால் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அத்தை எப்போதாவது ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லிவிட்டால் உடனே மாமியார் குரல் கேட்கும்: “பெரிய பானுமதின்னு நெனப்பு!”

வசவைக் கவனியுங்கள். பானுமதி என்றால் அன்றைக்கு வீடுகளில் அதுதான் அர்த்தம். திமிர். அழகி என்றோ, நன்றாகப் பாடுகிறவர் என்றோ சொல்வதெல்லாம் அப்புறம்தான்.

சும்மா வந்த பெயரில்லை அது. ஐம்பதுகளின் நடுவில் நாயகிகள் வாயசைக்க, லீலாவும் ஜிக்கியும் சுசீலாவும் பாடினார்கள். பானுமதி தன் பாட்டை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. கணவர் ராமகிருஷ்ணாவோடு சேர்ந்து பரணி பிக்சர்ஸ் நடத்தினார். 1953இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழியில் தானே இயக்கினார். படத்தின் பெயரையும் பாருங்கள்! ‘மிஸ்ஸியம்மா’வில் முதலில் அவர்தான் நடித்துக்கொண்டிருந்தார். வரலட்சுமி விரதத்தன்று படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்தார், மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், தர மாட்டேன் என்று போய்விட்டார் என்பார்கள். அந்த இடத்துக்கு சாவித்திரி வந்தார். தமிழ், தெலுங்கு சினிமாவுக்கு அதனால் லாபம்தான். ‘நாடோடி மன்ன’னில் எம்.ஜி.ஆரோடு ஒத்துப்போகாமல் பாதியில் விலகினார். அதனால் படத்தில் அவர் நடித்த மதனா பாதியிலேயே செத்துப்போகிறாள்.

எந்த வீட்டிலும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடக்கும். வாயாடினால் வாழ்க்கை போய்விடும், வளைந்து கொடுக்காதவள் உருப்பட மாட்டாள் என்று. உங்கள் அம்மா தலைமுறைக்கு அதைச் சோறோடு பிசைந்து ஊட்டியிருப்பார்கள். அந்தப் பாடத்துக்கு எதிர்சாட்சியாக அவர்கள் கண்முன் நடமாடிய பெண் பானுமதி. அதனால் அவருக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்ற கவலை இவர்களுக்கு. மார்க்கெட் போனது, ஒதுக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தால், “பாத்தியா, நான் சொல்லல?” என்று சொல்ல வீட்டுக்கு வீடு ஆள் இருந்தது. விருது செய்தி வரும்போதெல்லாம் அந்த ஆட்களின் வாய் அடைத்தது. 1983இல் கலைமாமணி. 1985இல் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பு. அப்போது கோட்டையில் முதலமைச்சராக இருந்தவர் யார்? எம்.ஜி.ஆர்! என் அத்தை இதை ஏதோ தன் வழக்கில் தீர்ப்பு வந்ததுபோல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எம்.ஜி.ஆர். மேல் அதுவரை இருந்த கோபத்தையும் அன்றைக்கே விட்டுவிட்டார்.

உங்கள் அம்மாவின் “இப்பவாவது” அரசாங்கத்தைப் பார்த்துச் சொன்னதாக எனக்குப் படவில்லை. 2001இல் அவருக்கு 57 வயது இருக்குமா? அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு “இப்பவாவது” என்று சொல்ல வீட்டுக்குள்ளேயே நிறைய இருக்கும். பேப்பரை வாசித்தது நீங்கள் என்பதால் உங்கள் காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதை நீங்கள் அவரிடமே கேட்கலாம். நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார். ‘நாடோடி மன்னன்’ எந்தக் கொட்டகையில் பார்த்தீர்கள் என்று ஆரம்பியுங்கள். மதனா செத்த பிறகும் உட்கார்ந்து, பிற்பாதியில் கதாநாயகியாக வரும் சரோஜாதேவியைப் பார்த்தாரா என்று கேளுங்கள். என் அத்தை பாதியில் எழுந்து வந்துவிட்டார். டிக்கெட் காசு வீணாகப் போனதே என்று மாமாதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.