பாட்டி ஒட்டகம் ஏறலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. குடும்பத்தோடு பாலைவனச் சுற்றுலா போகிறோம். பேரப்பிள்ளைகளோடு தானும் ஒட்டகத்தில் ஏறியே தீருவேன் என்கிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். எலும்பு அடர்த்தி குறைவு என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஏற விடலாமா?

பதில்: வயதை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என்னை யோசிக்க வைப்பது எலும்பு அடர்த்திதான். ஸ்கேன் அறிக்கையில் 'டி ஸ்கோர்' என்று ஓர் எண் இருக்கும். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை, அதாவது எலும்பு பலவீனமாகி எளிதில் முறியும் நிலை என்று பொருள். அப்படியானால் ஒட்டகம் வேண்டாம். எண் அவ்வளவு மோசமில்லை என்றாலும் இன்னொன்றைக் கவனியுங்கள்: அம்மா முன்பைவிடக் குள்ளமாகியிருக்கிறாரா, முதுகு கூனியிருக்கிறதா? வலியே தெரியாமல் முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருக்கலாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பலரும் கீழே விழுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பலவீனமான முதுகெலும்புக்கு விழவே வேண்டியதில்லை, குனிந்த நிலையில் ஒரு குலுக்கல் போதும். ஒட்டகம் எழும்போது நடப்பது அதுதான். முதலில் பின்னங்கால்களை நிமிர்த்தும்; மேலே இருப்பவர் குப்புறத் தள்ளப்படுவார். சுதாரிப்பதற்குள் முன்னங்கால்கள் நிமிரும், உடம்பு பின்னால் போகும். உட்காரும்போது முன்னங்கால் மடியும், மறுபடி முன்சாய்வு. கடைசியில் பின்பக்கம் தொப்பென்று இறங்கும். நடையில் இவ்வளவு ஆபத்தில்லை. ஒரே பக்கத்து இரு கால்களும் சேர்ந்தே போவதால் பக்கவாட்டில் ஆட்டம் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் உயரம் 2 மீட்டருக்கு மேல் என்பதை மறக்காதீர்கள்.

மருத்துவர் சரி என்றால், எழும்போதும் உட்காரும்போதும் சேணத்தின் முன்பிடியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு பின்னால் நன்றாகச் சாயச் சொல்லுங்கள். ஒட்டகக்காரர் "ம்" என்றதும் எழுப்பிவிடுவார். அம்மா தயார் என்று சொன்ன பிறகே எழுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். புடவை வேண்டாம், சுடிதார் நல்லது, துப்பட்டாவை முடிந்துகொள்ளட்டும். பத்து, பதினைந்து நிமிடம் போதும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு வெயிலில் உடம்பில் நீர் வற்றினால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். ஏறுவதற்கு முன் தண்ணீர் குடிக்கட்டும். இறங்கியதும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நிற்கட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன்: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் என் பதில் 'வேண்டாம்'தான். அந்த மாத்திரை எடுக்கும் முதியவருக்குத் தலையில் சின்ன அடி பட்டாலும் உள்ளே ரத்தம் கசியலாம். அது சில நாள், ஏன், சில வாரம் கழித்துக்கூட வெளிப்படும். இடுப்பு மூட்டு மாற்றியவர்களும் காலை அகட்டி உட்காருமுன் அறுவை செய்த மருத்துவரைக் கேட்க வேண்டும்.

போவது வளைகுடா நாடு என்றால் இன்னொரு விஷயம். 2012இல் கண்டறியப்பட்ட, கடுமையான சுவாச நோய் தரும் மெர்ஸ் வைரஸ் அங்கே ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் அங்கே ஒட்டகத்தை நெருங்காமலிருப்பதே நல்லது. மற்றவர்களும் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சாத ஒட்டகப் பால் யாருக்கும் வேண்டாம்.

ஏற முடியாது என்று முடிவானால் ஒட்டக வண்டி கிடைக்கிறதா பாருங்கள். அதுவும் மேடுபள்ளத்தில் தூக்கிப் போடும், ஆகவே சமதரையில் மட்டும், மெத்தை போட்டு. சேணத்தில் உட்கார்ந்து ஒரு படமாவது வேண்டும் என்று அம்மா அடம்பிடித்தால், ஒட்டகத்தின் மடித்த முன்னங்காலைக் கயிற்றால் கட்டச் சொல்லுங்கள். அது சட்டென எழ முடியாது. பேரப்பிள்ளையை மடியில் மட்டும் வைக்காதீர்கள். அம்மாவின் இரு கைகளும் பிடியில் இருக்க வேண்டும்.